ஓட்டைகளை எண்ணியவர்

அந்த வீட்டில் 'கிட்டத்தட்ட' என்று சொல்லக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அது எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தையிலிருந்து தோடம்பழம் வாங்கி வந்தேன். எத்தனை என்று வீட்டுக்காரக் கிழவி கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில், பத்து வரும் கிட்டத்தட்ட என்றேன். அவர் பையை மேசையில் கொட்டினார். கழுத்தில் நூலில் தொங்கிய பென்சிலை எடுத்து, ஒவ்வொரு பழத்திலும் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டே எண்ணினார்.

"பதினொண்டு. கிட்டத்தட்ட எண்டு ஒரு எண் இல்லை, பிள்ளை."

அவர் பேசியது பலெர்மோ இத்தாலியன். கோபம் வந்தால் அமெரிக்க இங்கிலிசும் கலக்கும். என் மனதில் அது எங்கள் பேச்சாகவே நிற்கிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன். பெயர் எழுதவில்லை. நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சின்யோரா என்றுதான் கூப்பிட்டேன். கட்டிடத்து வாசற்காரர் 'அமெரிக்கானா' என்பார். காலையில் நாங்கள் இறங்கினால், "அமெரிக்கானா, இண்டைக்கு எத்தினை நுளம்பு?" என்று கேட்பார். "நாலு. உன்ரை தலையிலை இருக்கிற மயிரை விட ஒண்டு கூட" என்பார் இவர்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மன்னார்ப் பக்கம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுதத் தெரிந்தது அம்மாவுக்குக் கடிதம் எழுதித்தான்.

சின்யோரா கல்யாணம் முடித்த கையோடு அமெரிக்கா போய், வயதான பிறகு தனியாகத் திரும்பி வந்தவர். கனெக்டிகட் என்று ஓர் இடம். அங்கே வேட்டைத் துவக்குச் செய்கிற தொழிற்சாலையில் புருசனுக்குக் குழல் கடைகிற வேலை. இவருக்கு ஓட்டை எண்ணுகிற வேலை.

நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் என்னை பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். துளசி மாதிரி ஒரு செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயைத் திறந்தார். தண்ணீர் பரந்து விழுந்தது. பிறகு குழாயின் வாயை விரலால் கொஞ்சம் நெரித்தார். தண்ணீர் ஒன்றாகச் சேர்ந்து எதிர்ச் சுவரில் போய் அடித்தது.

"இதுதான் சோக். வேட்டைத் துவக்கிலை ஒரு வெடிக்கு நிறையச் சன்னம், சின்னச் சின்ன ஈயக் குண்டு, போகும். போகப் போக விரியும். குழலின்ரை வாயிலை, கடைசி ரெண்டு மூண்டு விரல் நீளத்துக்கு, ஒரு மயிரிழை ஒடுக்கி விட்டா சன்னம் சேந்து போகும். அவ்வளவுதான். இதுக்குத்தான் அமெரிக்கா முழுக்கச் சண்டை."

எதிர் வீட்டுப் பெண் காயப்போட்ட உடுப்புகள் நனைந்ததென்று கத்தினார். இவர் கேட்கவில்லை.

தொழிற்சாலையில் நாற்பது யார்ட் தூரத்தில் ஒரு பெரிய காகிதம் தொங்குமாம். சுடுவார்களாம். ஓட்டை நெருங்கிக் கிடக்கிற இடத்தில் முப்பது அங்குல வட்டம் போட்டு, உள்ளே விழுந்ததை எண்ண வேண்டும். நூறு சன்னத்தில் எழுபது உள்ளே விழுந்தால் முழு ஒடுக்கம். அறுபது என்றால் நடுத்தரம். நாற்பது என்றால் ஒடுக்கமே இல்லை, வெறும் குழல். எண்ணியதைக் குழலில் பொறித்துக் கடைக்கு அனுப்புவார்கள். எண்ணுகிறது எல்லாம் பெண்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் பென்சிலைத் தொட்டு எண்ண வேண்டும், கண்ணால் மட்டும் எண்ணினால் ஒன்றை இரண்டு தரம் எண்ணிவிடுவாய் என்பார். அந்தப் பழக்கம்தான் தோடம்பழத்தில் கோடாக வந்தது.

சோக் எப்படி வந்தது என்ற கதையை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். இங்கிலாந்துக்காரன் தான்தான் முதல் என்பானாம், அமெரிக்கன் தான் என்பானாம். தொழிற்சாலையில் சொல்லுகிற கதை இதுதான். நூறு வருசத்துக்கு முந்தி இல்லினோய் ஆற்றுப் பக்கத்தில் ஒரு வாத்து வேட்டைக்காரன், குழலின் வாயை ஒடுக்கிப் பார்த்தானாம். சன்னம் கண்டபடி போனது. சரிவராதென்று அந்த ஒடுக்கத்தைக் கடைந்து எடுக்கத் தொடங்கினான். முழுக்க எடுக்காமல் நடுவில் நிறுத்தி, சும்மா ஒரு வெடி வைத்துப் பார்த்தான். எல்லாம் ஒரே இடத்தில் போய் விழுந்தது.

"பிழையைத் திருத்தப் போய், அரைவாசி திருத்தினாப் பிறகு வந்தது" என்று சிரிப்பார். "அதுக்குப் பிறகு எல்லாருக்கும் முழு ஒடுக்கம்தான் வேணும். தோட்டக்காரன் வாங்கிற ஒற்றைக் குழல் மலிவுத் துவக்குக்கும் முழு ஒடுக்கம். அரைவாசிப் பேருக்கு அது தேவையே இல்லை. விரிஞ்சு போனா ரெண்டு குருவி கூட விழுந்திருக்கும். ஆனா 'ஃபுல்' எண்டு பொறிச்சிருந்தாத்தான் வாங்குவாங்கள்."

சிரிக்கும்போது அவரோடு இருக்கப் பிடிக்கும். மற்ற நேரம் கொஞ்சம் பயம். மத்தியானம் ஜன்னல் மறைப்பின் கீறல்களால் வெயில் வந்து சுவரில் பொட்டுப் பொட்டாக விழும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்ச் சுவரில் பென்சிலால் தொடுவார். வெயில் நகர்ந்துவிடும். திரும்பத் தொடங்குவார். கூப்பிட்டால் திரும்பமாட்டார். அந்தச் சுவரை நான் இரண்டு தரம் வெள்ளையடித்திருக்கிறேன்.

"கண்ணை மூடினாலும் ஓட்டைதான் தெரியுது, பிள்ளை. எண்ணி முடிச்சாத்தான் போகும்" என்று ஒருநாள் சொன்னார்.

புருசனைப் பற்றிக் கேட்டால் ஒரே ஒரு கதைதான் சொல்லுவார். புருசன் கடைந்த குழல் ஒன்றின் காகிதம் இவர் மேசைக்கு வந்தது. எழுபது வர வேண்டும், அறுபத்தொன்றுதான் வந்தது. அடுத்த காகிதமும் அப்படி. மேலாள் வந்து, உன் புருசன்தானே, பார்த்து எழுது என்றானாம். இவர் அறுபத்தொன்று என்று எழுதினார். புருசனை வேறு பகுதிக்கு மாற்றினார்கள், தரை கூட்டுகிற வேலைக்கு. அந்த மாரி முழுக்க அவர் இவரோடு கதைக்கவில்லை.

"ஒரு எண்தானே சின்யோரா. எழுதியிருக்கலாமே" என்றேன்.

"அந்தத் துவக்கை வாங்கிறவன் என்னை நம்பித்தான் வாங்கிறான். அவனுக்கு நான் ஆர் எண்டே தெரியாது. அதாலைதான் பொய் எழுத ஏலாது."

இனி என் தம்பியைப் பற்றி எழுத வேண்டும். எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

தம்பிக்குப் பதினாறு வயது. அப்பா முன்னமே போய்விட்டார். சண்டையில் இடம்பெயர்ந்த பிறகு அம்மாவும் தம்பியும் மாமா வீட்டில் இருந்தார்கள். மாமாவின் மகன், என் மச்சான், எனக்கென்று பேசி வைத்தவர். நான் அவரைக் கட்டி இங்கே எடுக்க வேண்டும் என்பது நான் வெளிக்கிடும்போதே முடிவான விசயம். எனக்கும் விருப்பம்தான். பொய் சொல்லவில்லை.

மாமாவிடம் ஒரு பழைய துவக்கு இருந்தது. இயக்கப் பெடியளும் கொண்டுபோகாமல், ஆமியும் கண்டுபிடிக்காமல் ஒளித்து வைத்த துவக்கு. ஒரு நாள் இருட்டுகிற மைமல் பொழுதில் மச்சான் காட்டுப் பண்டி சுடப் போனார். இருபது காலடிக்கு அங்கால் பற்றைக்குள் ஏதோ அசைந்தது, சுட்டார், அது தம்பி. அப்படித்தான் கடிதம் வந்தது. நான் சின்யோராவின் குசினித் தரையில் குந்தியிருந்து அழுதேன். அவர் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். விடியும் வரை இருந்தார்.

அடுத்த கடிதங்களில் மாமா எழுதினார். அவன் பைத்தியம் மாதிரித் திரியிறான், கொழும்பு லொட்ஜில் கொண்டுபோய் விட்டிருக்கிறம், நீ மனம் வைத்துக் கெதியாய்க் கூப்பிடு பிள்ளை, உன்ரை மன்னிப்பிலைதான் அவன் பிழைப்பான். நான் கூப்பிடத்தான் நினைத்தேன். தெரியாமல் நடந்ததுக்கு என்ன செய்யிறது. கொழும்புக்குப் போய் மாதாகோவிலில் தாலி கட்டி வருவதென்று, பெர்மெஸ்ஸோ என்கிற இருப்பு அனுமதி, வேலைக் கடிதம் எல்லாம் சேர்க்கத் தொடங்கினேன்.

நான் அம்மாவிடம் தம்பியின்ரை என்று ஏதாவது அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தேன். பலெர்மோவுக்கு வந்த எங்கள் ஊர் அக்கா ஒருவர் ஒரு பொதி கொண்டுவந்தார். உள்ளே ஒரு சேட்டு. நீலக் கட்டம் போட்டது. தோய்த்து, மடிப்புப் போட்டு அழுத்தியிருந்தது. 'அவன்ரை எண்டு இது ஒண்டுதான் மிஞ்சினது. ஓட்டையளைத் தைச்சுப் போட்டன்' என்று அம்மா எழுதியிருந்தா.

எனக்கு அது அப்போதும் விளங்கவில்லை. பற்றையில் கிழிந்தது என்று நினைத்தேன். மேசையில் விரித்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், சவர்க்கார மணம்தான் வந்தது. சின்யோரா எனக்குப் பின்னால் வந்து நின்றார். பென்சில் கையில் இருந்தது.

"ஒன்பது" என்றார்.

நெஞ்சுப் பக்கத்தில் ஒன்பது தையல். ஒவ்வொன்றும் கடலை அளவு. அவர் பென்சிலால் சேட்டைத் தொடவில்லை, மேலே காற்றில் தொட்டார். பிறகு தன் கையை விரித்து, பெருவிரலில் இருந்து சுண்டுவிரல் வரை, தையல்களின் மேல் வைத்தார். ஒன்பதும் ஒரு சாணுக்குள் அடங்கின.

"எத்தினை காலடி எண்டு சொன்னவை?"

"இருபது."

"என்ன துவக்கு?"

"ஒற்றைக் குழல். நீளம். அமெரிக்கத் துவக்கு எண்டு மாமா சொல்லுவார். வெடி எஸ்.ஜி, பண்டிக்கு வைக்கிறது, உள்ளுக்குப் பெரிய சன்னம் ஒன்பது."

அவர் விரித்த கையை எடுக்காமலே சொன்னார். "ஒற்றைக் குழல் அமெரிக்கன் எண்டா முழு ஒடுக்கமாத்தான் இருக்கும். முழு ஒடுக்கத்துக்கு இருபது காலடியிலை ஒரு சாண் சரி."

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. மச்சான் சொன்னது உண்மை. நான் கேட்டேயிராத ஒரு கேள்விக்கு நல்ல பதில் கிடைத்த மாதிரி. அவரைக் கட்டிப்பிடித்தேன். அவர் அசையாமல் நின்றார்.

"இருக்கும் எண்டுதான் சொன்னன். குழலிலை பொறிச்சிருக்கும். எழுதிக் கேள்."

"ஏன் சின்யோரா? நீங்கள்தானே சரி எண்டு சொன்னனீங்கள்."

"பாக்காமல் சொன்னது. பாக்காமல் சொன்னது எண்ணினதில்லை."

அன்றைக்கு எனக்கு அவரில் வந்த கோபம் கொஞ்சமல்ல. உங்களுக்கு இது காகிதம், எனக்குத் தம்பி என்று கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் நான் அம்மாவுக்கு எழுதும்போது வந்து, "கேட்டியா?" என்பார். நாலாம் ஞாயிறு எழுதினேன். சும்மா புதினம் கேட்கிற மாதிரி. மாமாவின் துவக்கில் என்ன எழுத்துப் பொறித்திருக்கிறது அம்மா, இங்கே சின்யோரா கேட்கிறா.

பதில் வர மூன்று மாதம் ஆனது. அம்மாவுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. 'வாய்ப் பக்கத்திலைதான் ஏதோ இங்கிலிஸ் எழுத்து இருந்தது பிள்ளை. ஒளிக்கிறதுக்கு ரங்குப்பெட்டிக்குள்ளை கொள்ளேல்லை எண்டு போன வருசம், தம்பி உயிரோடை இருக்கேக்கையே, மாமா முன்பக்கம் ஒரு முழம் அரிஞ்சு எடுத்துப் போட்டார்.'

இதை நான் சின்யோராவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அரிந்தது என்று சொன்னதும் அவர் சிலுவை போட்டார். மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"இஞ்சை அதுக்கு ஒரு பேர் இருக்கு. லுப்பாரா. கோட்டுக்குள்ளை ஒளிக்க வெட்டுவாங்கள். பலெர்மோவிலை சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் தெரியும், அது கிட்ட நிண்டு சுடுறதுக்கு."

"மாமா பெட்டியிலை வைக்கத்தான் வெட்டினவர்."

"ஏன் வெட்டினதெண்டு குழலுக்குத் தெரியாது. ஒடுக்கம் வாயிலைதான் இருந்தது. வாயோடை அதுவும் போச்சுது."

ஒடுக்கம் இல்லாத குழல் இருபது காலடியில் ஒரு சாணுக்குள் போடாது என்று எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி நின்றேன்.

அவர் வாயால் ஒரு எண்ணும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிய என்னை ரயிலில் பகேரியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய தங்கச்சியின் மகனுக்கு அங்கே எலுமிச்சைத் தோட்டம். சேட்டு என் கைப்பையில் இருந்தது. இறைச்சிக்கடைக் காகிதம் ஒரு சுருள் அவர் கையில்.

"எலுமிச்சம்பழம் பிடுங்க வாங்கோ எண்டா, பெரியம்மா, காகிதத்தோடை வாறியள்" என்றார் அந்த மனிதர். துவக்கைக் கொண்டுவந்தார். அவருடைய துவக்கில் ஒடுக்கம் தனி வளையமாக, திருகிக் கழற்றுகிற மாதிரி இருந்தது. சின்யோரா ஒன்பது பெரிய சன்னம் உள்ள வெடியை எடுக்கச் சொல்லி, வளையத்தையும் கழற்றச் சொன்னார்.

"கழற்றினா ஒண்டும் விழாது."

"விழுத்த வரேல்லை. கழற்று."

மண் மேட்டுக்கு முன்னால் கம்பியில் காகிதத்தைத் தொங்கவிட்டார்கள். தூரம் அளக்க அந்த மனிதர் போனபோது சின்யோரா மறித்தார். "உன்ரை காலடி வேண்டாம். அவள் நடக்கட்டும். அங்கை எண்ணினதும் அவளின்ரை ஊர்க் காலடிதான்."

நான் இருபது நடந்தேன். அந்த மனிதர் அங்கே நின்று சுட்டார். உடுப்புத் தோய்க்கிற பெரிய பேசின் அளவுக்கு ஓட்டைகள் விரிந்து கிடந்தன. இரண்டு காகித விளிம்பிலேயே. சின்யோரா பென்சிலைக் கழுத்திலிருந்து கழற்றி என்னிடம் தந்தார்.

"நீ எண்ணு."

ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினேன். சேட்டை மேலே பிடித்தேன். பொருந்தவில்லை. பதினைந்து நடந்தேன். பொருந்தவில்லை. பத்து. தையல்கள் இன்னும் ஓட்டைகளின் வட்டத்துக்கு உள்ளுக்குள்தான் நின்றன. அந்த மனிதர் இப்போது பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். சேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுட்டார்.

ஏழு காலடியில் பொருந்தியது.

ஏழு காலடி என்பது ஒரு அறையின் நீளம். நான் அந்தக் கோட்டில் நின்று காகிதத்தைப் பார்த்தேன். பின்னால் எலுமிச்சை மரத்தில் ஒரு பழத்தின் காம்பு கூடத் தெரிந்தது.

"சொல்லுங்கோ சின்யோரா" என்றேன். "வேணுமெண்டு சுட்டதோ?"

"காகிதம் எவ்வளவு தூரம் எண்டு மட்டும்தான் சொல்லும். ஏனெண்டு சொல்லாது. அதை அவனிட்டைத்தான் கேக்க வேணும்."

பொலிதேயாமா சதுக்கத்தில் வரிசையாக நிற்கிற டெலிபோன் கூண்டுகளில் ஒன்றுக்குள் நின்று கொழும்பு லொட்ஜுக்கு எடுத்தேன். கார்ட்டில் மிச்சம் குறைந்துகொண்டிருந்தது. மச்சான் வந்ததும், "என்னப்பா, பேப்பர் சரிவந்திட்டுதோ?" என்றார்.

"மச்சான், தம்பி உங்களைக் கண்டவனோ?"

பின்னால் லொட்ஜில் யாரோ வாளி வைக்கிற சத்தம் கேட்டது.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. கண்டவனோ?"

"கண்டவன்." பிறகு அழத் தொடங்கிவிட்டார். "பின்னேரம். கிணத்தடியிலை. பகிடிக்குத்தான் நீட்டினனான். வெடி இல்லையெண்டு நினைச்சன், ஆணையா. அவன் கையை உயத்திக்கொண்டு சிரிச்சவன். சிரிச்சுக்கொண்டே நிண்டவன். வீட்டிலை ஒருத்தரும் இல்லை. பயத்திலை பற்றைக்கை கொண்டுபோய்..."

"அம்மாவிட்டைச் சொல்லுங்கோ. உங்கடை வாயாலை. சொல்லிப்போட்டு எடுங்கோ, நான் வாறன்."

"ஏலாதப்பா. மாமி தாங்கமாட்டா."

"அப்ப நான் வரேல்லை."

அவர் சொல்லவில்லை. நான் போகவில்லை. பிறகு அவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்வி. அம்மாவுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. அவ இருக்கிறது மாமா வீட்டில், தின்கிறது அவர்களின் சோறு. தெரிந்தால் அந்த வீட்டில் எப்படி ஒரு பிடி இறங்கும்? அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் என்னைத்தான் ஏசினா. தெரியாமல் செய்த பிழைக்கு ஒரு மனுசனைக் கைவிட்டிட்டாய், உனக்கு ஐரோப்பா வந்து நெஞ்சு கல்லாய்ப் போச்சு என்று.

சின்யோராவிடம் ஒருநாள் கேட்டேன், அம்மாவுக்குச் சொல்லவோ விடவோ என்று. எல்லாவற்றுக்கும் ஒரு எண் வைத்திருக்கிறவர், கையை மடியில் மடக்கி வைத்தார்.

"தெரியாது பிள்ளை" என்றார். "நான் ஓட்டை எண்ணினவள். ஆக்களை எண்ணத் தெரியாது."

போன மாரியில் அவர் போய்விட்டார். கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில் என்னை அடையாளம் தெரியவில்லை. ஆனால் கை மட்டும் போர்வையில் தொட்டுத் தொட்டுப் போனது. நான் அந்த விரலைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். எண்ணி முடித்தால்தானே போகும். நான் இப்போது மொண்டெல்லோவில் வேறு வீட்டில் வேலை. இங்கே யாரும் எதையும் எண்ணுவதில்லை. சந்தையில் கிட்டத்தட்ட என்று யாரும் சொன்னால் நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

இந்தக் கிழமை அம்மாவின் கடிதம் வந்தது. ஏச்சு இல்லை. அம்மாவுக்கு வயது போகிறது. இப்படி எழுதியிருந்தா: 'ராவிலை நித்திரை இல்லைப் பிள்ளை. அவன் அந்தப் பற்றைக்கை இருட்டிலை தனியக் கிடந்து என்னைக் கூப்பிட்டிருப்பானோ எண்டுதான் யோசினை. எவ்வளவு நேரம் கிடந்தானோ. பயந்திருப்பானோ. அதை மட்டும் ஆரும் எனக்குச் சொன்னாப் போதும்.'

மூன்று நாள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மாமா வீட்டுச் சோற்றை யோசித்தேன். அம்மா எங்கே போவா என்று யோசித்தேன். இன்றைக்கு வேலை முடிய கடற்கரைச் சுவரில் குந்தியிருந்து எழுதத் தொடங்கினேன்.

'அம்மா, தம்பி இருட்டிலை கிடக்கேல்லை. கூப்பிடவும் இல்லை. பின்னேர வெயிலிலை, கிணத்தடியிலை, ஏழு காலடி தூரத்திலை நிண்ட தெரிஞ்ச முகத்தைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டவன். இதை ஒரு இடத்திலை இருந்து வாசியுங்கோ. ஏனெண்டா இனி நான் எழுதப் போறது...'